லெமான் ஏரிக்கரையின் லவோ வெள்ளை ஒயின்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், விடுதிகளில் உணவுக்கூடப் பணிக்குச் சேரும் இளைஞர்களுக்காக எழுதிய குறிப்பில், சுவிட்சர்லாந்தின் லவோ பகுதி வெள்ளை ஒயினைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்கள், குறிப்பின் மற்றப் பகுதிகளைப் பற்றி வந்தவற்றைவிட அதிகம். ஆகவே இம்முறை இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

எங்கள் விடுதியில் தங்கியிருந்த சுவிஸ் நாட்டு முதிய தம்பதியர், “லவோ ஒயின் இருக்கிறதா?” என்று கேட்டார்கள். இல்லை என்றதும், “அது மூன்று சூரியன்கள் பழுக்கவைக்கும் திராட்சை, இங்கே கிடைக்காதுதான்” என்று சொல்லிச் சிரித்தார்கள். அந்த மூன்று சூரியன்கள் எவை ஐயா? — ஃபிளிக் ஆன் ஃபிளாக் வாசகர்

லவோ என்பது சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில், ஜெனீவா ஏரி என்று நாம் படித்த லெமான் ஏரியின் வடகரையில் உள்ள செங்குத்தான சரிவு. லோசான் நகரத்தின் கிழக்கு எல்லையிலிருந்து மொந்த்ரே அருகிலுள்ள ஷியோன் கோட்டை வரை, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு, தண்ணீரின் விளிம்பிலிருந்து மலைமேட்டுக் காடு வரை, ஒன்றன்மேல் ஒன்றாகக் கல்சுவர்கள் கட்டி, அவற்றுக்கிடையே மண்ணை நிரப்பி, அதில் கொடிகளை வளர்க்கிறார்கள். யுனெஸ்கோ 2007இல் இந்நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நமது மொரீசியஸ் தீவில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் சேர்க்கப்பட்டது அதற்கு முந்தைய ஆண்டு.

முதல் சூரியன் வானத்துச் சூரியன். சரிவு தெற்கு நோக்கியிருப்பதால், வடகோளத்தில் உள்ள அந்நாட்டில் வெயில் நேராக அதன்மேல் விழுகிறது. இரண்டாவது, ஏரியின் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பி இலைகளின் அடிப்புறம் வரை எட்டும் ஒளி. மூன்றாவது, பகல் முழுவதும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு இரவில் மெல்ல வெளிவிடும் கல்சுவர்கள். இளமையில் மொந்த்ரே விடுதி ஒன்றில் இரண்டு பருவங்கள் பணியாற்றினேன். செப்டம்பர் மாதக் கடைசியில், காற்று குளிர்ந்துவிட்ட பின்மாலையில், எபெஸ் கிராமத்துச் சுவரொன்றின்மேல் கையை வைத்துப் பார்த்தபோது, அது அடுப்பணைந்து வெகுநேரமான அடுப்பங்கரைச் சுவர்போல வெதுவெதுப்பாக இருந்தது.

அந்தத் தம்பதியர் சொன்னது அப்பகுதி மக்கள் தலைமுறைகளாகச் சொல்லிவரும் சொல்தான். ஆயினும் ஏரியின் பெரிய உதவி ஒளியைத் திருப்புவது அன்று என்பது என் கருத்து. அந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டர்; மிக ஆழமான இடத்தில் 310 மீட்டர். அத்தனை நீரும் கோடையில் வாங்கிய வெப்பத்தை விரைவில் விடுவதில்லை. கடல் நமது தீவின் இரவுகளை மிதமாக வைத்திருப்பதைப்போல, அந்த ஏரி தன் கரையை வசந்தகாலத்து உறைபனியிலிருந்து பெரும்பாலும் காக்கிறது. இலையுதிர் காலத்தில் பழம் அவசரமின்றி முதிர இடம் கொடுக்கிறது. மெல்லிய இயல்புள்ள ஒரு திராட்சைக்கு இதைவிட நல்ல காவல் கிடைப்பது அரிது.

அந்த ஒயின் சாஸ்லா என்ற திராட்சையிலிருந்து வருவதாக அறிந்தேன். பிரான்சில் அதைப் பழமாகத்தான் உண்கிறார்கள் என்றும், அதன் ஒயினுக்குத் தனிச்சுவை ஏதும் இல்லை என்றும் படித்தேன். அப்படியானால் இத்தனை புகழ் எதற்கு? — ரோஸ் ஹில் ஆசிரியை

நீங்கள் படித்ததில் முதற்பாதி சரி. தென்மேற்குப் பிரான்சின் மொவாசாக் ஊரைச் சுற்றி விளையும் சாஸ்லா, பெயர்பெற்ற உண்ணும் திராட்சை. பர்கண்டிப் பகுதியில் சாஸ்லா என்றே ஒரு சிற்றூர் இருப்பதால், கொடி அங்கிருந்து வந்தது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். பிற்காலத்து மரபணு ஆய்வுகளோ, அதன் பிறப்பிடம் லெமான் ஏரியைச் சூழ்ந்த பகுதியாகவே இருக்க வேண்டும் என்பதைச் சுட்டுகின்றன. அக்கொடிக்கு வாலே மாநிலத்தில் ஃபாந்தான் என்றும், ஜெர்மனியின் பாடன் பகுதியில் குட்ஏடல் என்றும் பெயர்.

பிற்பாதியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சோவீனியோன் பிளாங் போன்ற திராட்சைகள் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுசென்ற உடனேயே தம் மணத்தை அறிவித்துவிடுகின்றன. சாஸ்லா அப்படி அறிவிப்பதில்லை. அதில் புளிப்பு குறைவு. மதுச்சாரமும் பொதுவாக 12 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். இருக்கின்ற புளிப்பையும் அங்குள்ளவர்கள் இரண்டாவது நொதித்தல் ஒன்றினால் தணிக்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையை மதுச்சாரமாக மாற்றி முடித்த பிறகு, ஒருவகை நுண்ணுயிர்கள், காய் ஆப்பிளின் கூர்மையை ஒத்த மாலிக் அமிலத்தை, தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அதனால் ஒயினின் விளிம்பு மழுங்கி, வாயில் ஒரு வழவழப்பு உண்டாகிறது. பல நாடுகளில் வெள்ளை ஒயினின் கூர்மையைக் காப்பதற்காக இந்த மாற்றத்தைத் தடுத்துவிடுவார்கள். லவோவில் அதை வழக்கமாகவே நடக்கவிடுகிறார்கள். அதன்பின் அடிவண்டலோடு சிலகாலம் வைத்திருந்து, பெரும்பாலும் ஓக் மரத்தின் வாசனை ஏறாதபடி புட்டியில் அடைக்கிறார்கள்.

இவ்வாறு செய்த ஒயினில் பழமணம் அடங்கியிருக்கும். லிண்டன் பூவின் மணமும், முற்றாத பேரிக்காயின் சாயலும், விழுங்கிய பிறகு பாதாம் பருப்பின் மெல்லிய கசப்பும், நாவில் ஊறும் உப்புத்தன்மையும் இருக்கும். திராட்சை தன் குரலைத் தாழ்த்திக்கொள்வதால், அது நின்ற நிலத்தின் வேறுபாடுகள் கேட்கத் தொடங்குகின்றன என்று அங்குள்ள தோட்டக்காரர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டபோது எனக்கு நினைவுக்கு வந்தது தம்புராதான். தம்புரா பாட்டின் மேலே ஏறி ஒலிப்பதில்லை. அதனால்தான் மற்றவற்றின் சுருதி நமக்குத் தெரிகிறது. கொடி கல்லைத் தின்று அதன் சுவையைப் பழத்தில் ஏற்றுகிறது என்று சிலர் எழுதுவதை நம்ப வேண்டாம். மண் எவ்வளவு நீரைப் பிடித்துவைக்கிறது, வேர் எவ்வளவு ஆழம் செல்ல முடிகிறது, நிலம் எவ்வளவு விரைவில் சூடேறுகிறது என்பனவே பழத்தில் வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

சாஸ்லாவை உடனே குடித்துவிட வேண்டும் என்பதும் முழு உண்மை அன்று. எளிய வகைகள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் குடிக்க வேண்டியவையே. ஆனால் நல்ல தோட்டத்து ஒயின், நல்ல ஆண்டில் செய்யப்பட்டது, பத்து ஆண்டுகளைக் கடந்தும் நிற்கும். நான் பணியாற்றிய விடுதியின் மதுவறைப் பொறுப்பாளர் ஒருநாள் வேலை முடிந்தபின் எங்களுக்கெல்லாம் லவோவின் தெசலே நிலத்துப் பழைய புட்டி ஒன்றைத் திறந்தார். தேனும் வறுத்த பருப்பும் கலந்த அந்த மணத்தை, சுவையற்ற திராட்சை என்று யாரேனும் எழுதும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

புட்டியின் சீட்டில் தெசலே, கலமேன், எபெஸ், சேன் சஃபோரேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, இவை நிறுவனங்களின் பெயர்களா? — ரெதுயி மாணவர்

இல்லை, இவை இடங்களின் பெயர்கள். லுத்ரி, வில்லெத், எபெஸ், சேன் சஃபோரேன், ஷார்தோன் ஆகியவை கிராமத்தையோ அதைச் சார்ந்த பகுதியையோ குறிக்கும். தெசலே, கலமேன் ஆகிய இரண்டு மட்டும் கிராண் குரு என்ற தனித்தகுதி பெற்றவை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து நிலங்கள். தெசலே மிகச் செங்குத்தானது. கூழாங்கற்கள் இறுகிக் கெட்டித்த பாறையின்மேல் அமைந்தது. கலமேனோ, பழங்காலத்து மண்சரிவு ஒன்று கொண்டுவந்து சேர்த்த களிமண் நிறைந்த சிறு நிலம். மொத்தமே 16 ஹெக்டேர் அளவுதான். ஒரே திராட்சை, ஒரே ஏரி, ஒரே வெயில். ஆனாலும் தெசலே அகன்று உறுதியாக இருக்கும், கலமேன் சற்றுக் கூர்மையாக இருக்கும். சாஸ்லா நிலத்தைக் காட்டும் என்று மேலே எழுதியதைச் சோதித்துப் பார்க்க விரும்புபவர், இவ்விரண்டையும் அருகருகே வைத்துச் சுவைத்தாலே போதும்.

என் பாட்டனார் கரும்புத் தோட்டத்தில் கல் பொறுக்கியவர். நீங்கள் எழுதிய கல்சுவர்களைக் கட்டியவர்கள் யார், இன்று அங்கே உழைப்பவர்கள் யார் என்று அறிய விரும்புகிறேன். — மாயேபூர்க் வாசகர்

வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையது. ஒயினைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். கல்லைத் தூக்கியவரைப் பற்றிக் கேட்பவர்கள் சிலரே.

12ஆம் நூற்றாண்டில் சிஸ்டெர்சியன் என்ற கிறித்தவத் துறவியர், லோசான் ஆயரின் ஆட்சிக்குட்பட்டிருந்த இந்தச் சரிவில் நிலம் பெற்று, தெசலேப் பகுதியில் காட்டை வெட்டிப் படிவரிசைகள் அமைக்கத் தொடங்கினார்கள். காலப்போக்கில் துறவியர் நிலத்தைக் குடியானவர்களுக்கு வாரத்துக்கு விட்டார்கள். சுவர்களைப் பெருக்கியதும் காத்ததும் அந்தக் குடும்பங்களே. 1536இல் பெர்ன் நகரத்தார் வோ நாட்டைக் கைப்பற்றிய பிறகு மடத்துச் சொத்துகள் கைமாறின. துறவியர் தோட்டம், மடங்களின் தோட்டம் என்று இன்றும் பழம்பெயரால் வழங்கும் இரண்டு தெசலே நிலங்கள் லோசான் நகராட்சிக்குச் சொந்தம். அவற்றின் ஒயினை நகராட்சி பொது ஏலத்தில் விற்கிறது.

இன்று அச்சரிவில் உள்ள சுவர்களை நீளவாக்கில் ஒட்டிவைத்தால் 400 கிலோமீட்டருக்கு மேல் வரும். இது ஒருமுறை கட்டி முடித்துவிட்ட வேலை அன்று. மழைநீர் சுவருக்குப் பின்னால் தேங்கினால் சுவர் வயிறு தள்ளிச் சரியும். ஆகவே நீர் வழிய வாய்க்கால் விட வேண்டும், சரிந்த பகுதியைப் பிரித்துக் கட்ட வேண்டும். கனமழை மேற்படியின் மண்ணைக் கீழே கொண்டுவந்துவிட்டால், முற்காலத்தில் அந்த மண்ணை முதுகுக்கூடையில் அள்ளி மீண்டும் மேலே சுமந்தார்கள். இப்போது திராட்சைக் கூடைகளை ஏற்றி இறக்கச் சரிவில் ஒற்றைத் தண்டவாளச் சிறு வண்டிகள் இருக்கின்றன. எனினும் கத்தரிப்பது, கட்டுவது, பறிப்பது எல்லாம் பெரும்பாலும் கையாலேயே நடக்கின்றன; அந்தச் சரிவில் பெரிய இயந்திரம் நிற்காது.

கடிதம் எழுதிய உங்களுக்கு முதன்மையாகச் சொல்ல வேண்டியது வேறொன்று. லவோவை ஒட்டிய வெவே நகரத்தில் ஒயின் தோட்டக்காரர் சங்கம் ஒன்று நூற்றாண்டுகளாக இயங்கிவருகிறது. சங்கத்தின் தேர்வாளர்கள் தோட்டங்களுக்கு நேரில் சென்று, நிலத்தின் சொந்தக்காரரை அன்று, கொடியைப் பேணும் தொழிலாளியின் வேலையைப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். சிறந்தவர்களுக்குப் பரிசளித்துச் சிறப்பிக்கிறார்கள். அந்தப் பரிசளிப்பிலிருந்து வளர்ந்ததுதான் வெவேயின் ஒயின் தோட்டக்காரர் திருவிழா. அதன் முதல் விழா 1797இல் நடந்தது. ஒரு தலைமுறைக்கு ஒருமுறை என்ற அளவில்தான் நடக்கும். 1955, 1977, 1999 ஆகிய ஆண்டுகளை அடுத்து 2019இல் நடந்தது. ஊர்ச் சந்தைத் திடலில் ஏறத்தாழ 20,000 பேர் அமரும் அரங்கம் எழுப்பி, ஊர்மக்களே ஆயிரக்கணக்கில் ஆடிப்பாடி நடிக்க, அதன் நடுவே தொழிலாளிகளுக்கு முடிசூட்டுகிறார்கள். 2016இல் யுனெஸ்கோ இவ்விழாவையும் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து வந்த நம் கல்தச்சர்கள் போர்ட் லூயிசில் கட்டியவற்றையும், பின்னால் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கரும்புக் கொல்லைகளில் பொறுக்கி அடுக்கிய கருங்கற் குவியல்களையும் நாம் நாள்தோறும் பேருந்திலிருந்து பார்க்கிறோம். அவற்றை அடுக்கிய கைகளுக்கு நம் ஊர்த் திடலில் யாரும் முடிசூட்டவில்லை. உங்கள் பாட்டனார் எந்தத் தோட்டத்தில், எந்த வயலில் கல் அடுக்கினார் என்பது உங்களுக்குத் தெரியுமானால், எழுதிவையுங்கள்.

லோசானும் மொந்த்ரேயும் பணக்கார ஊர்கள். அவற்றுக்கிடையே இவ்வளவு அழகான ஏரிக்கரைச் சரிவை வீட்டுமனை போடாமல் எப்படி விட்டார்கள்? — கிரான் பே வாசகர்

தானாக விடவில்லை, மக்கள் வாக்களித்துத் தடுத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீங்கள் நினைப்பதுபோலவே அங்கும் மனைகள் பெருகத் தொடங்கின. சுற்றுச்சூழல் போராளியான ஃபிரான்ஸ் வெபர், லவோவைக் காக்க வேண்டும் என்ற மக்கள் முன்மொழிவைக் கொண்டுவந்தார். 1977இல் வோ மாநில வாக்காளர்கள் அதை ஏற்றார்கள். லவோவின் பாதுகாப்பு மாநில அரசியலமைப்பிலேயே இடம்பெற்றது. 2005இல் மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது, மீண்டும் வென்றது. 2014இல் அவர் கொண்டுவந்த மூன்றாவது, இன்னும் கடுமையான முன்மொழிவை மக்கள் ஏற்காமல், அரசு வைத்த மிதமான மாற்றுத் திட்டத்தை ஏற்றார்கள். தோட்டக்காரர்கள் தம் மதுவறையைக்கூட விரிவாக்க முடியாமல் போய்விடும் என்ற அச்சம் அதற்குக் காரணங்களுள் ஒன்று. அதுவும் நியாயமான அச்சமே. உழைப்பவர் வாழ இடமில்லாத நிலம் அருங்காட்சியகமாகிவிடும். நமது கரையோரங்களில் கரும்பு எடுத்துவிட்டு மாளிகைகள் எழுவதை நாள்தோறும் காணும் உங்களுக்கு இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மொரீசியஸ் கடைகளில் இது ஏன் கிடைப்பதில்லை? — பூ பாசேன் வாசகர்

சுவிஸ் மக்கள் தம் ஒயினைத் தாமே குடித்துவிடுகிறார்கள். அந்நாட்டு விளைச்சலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் வெளிநாடு செல்கிறது. சரிவில் கையால் செய்யும் வேலைக்குக் கூலி மிகுதி என்பதால் விலையும் மிகுதி. நமது கடைகளில் மலிவாகக் கிடைக்கும் திவேன் என்னும் உள்ளூர் ஒயின், இறக்குமதி செய்த திராட்சைச் சாற்றுச் செறிவிலிருந்து செய்யப்படுவது. அதையும் இதையும் ஒப்பிடுவது இரண்டுக்கும் நியாயம் அன்று. சுவிட்சர்லாந்திலிருந்து உறவினர் யாரேனும் வந்தால் ஒரு புட்டி கொண்டுவரச் சொல்லுங்கள்.

அப்படி ஒரு புட்டி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. நம் சமையலோடு அது சேருமா? எவ்வளவு குளிர்விக்க வேண்டும்? — காத்ர் போர்ன் வாசகி

முதலில் குளிர்ச்சி. 8 முதல் 10 டிகிரி போதும். தெசலே போன்ற கனமான ஒயினை 12 டிகிரி வரைகூடப் பரிமாறலாம். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே ஊற்றினால் அந்த மெல்லிய மணம் முழுவதும் ஒடுங்கிவிடும். எடுத்துக் கால்மணி நேரம் மேசையில் வைத்திருங்கள். நமது வெயிலில் அதற்குமேல் வேண்டாம்.

ஏரிக்கரையில் இதை வெண்ணெயில் வாட்டிய பெர்ச் என்ற நன்னீர் மீனோடும், உருக்கிய பாலாடைக்கட்டியோடும் உண்கிறார்கள். நம் வீட்டில், புகையூட்டிய மார்லின் மீன் துண்டுகளோடு இது மிக நன்றாகச் சேரும். மீனின் உப்பும் ஒயினின் உப்புத்தன்மையும் ஒன்றையொன்று தாங்கும். பாமிஸ்த் என்னும் பனங்குருத்துச் சாலட்டில் எலுமிச்சை குறைத்தால் அதுவும் நல்ல துணை. இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்த மீன், தேங்காய்ப்பால் சேர்த்த மிதமான இறால் கறி ஆகியவற்றோடும் வைத்துப் பாருங்கள்.

சேராதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கடுகும் வினிகரும் ஓங்கிய மீன் வேந்தாய் இந்த ஒயினை முழுவதுமாக அழுத்திவிடும். புளி கரைத்த குழம்பும் ரசமும் அவ்வாறே. இதன் சொந்தப் புளிப்புக் குறைவு என்பதால், உணவின் புளிப்புக்கு முன்னால் இது தண்ணீராகத் தோன்றும். வாழையிலையில் ஏழு கறிகளோடு நாம் பரிமாறும் விருந்துக்கு எந்த ஒயினும் தேவையில்லை. தைப்பூசக் காவடி விரத நாள்களில் புட்டி அலமாரியிலேயே இருக்கட்டும். படுக்கைவாக்கில், வெளிச்சம் படாமல், அடுப்பங்கரைக்கு வெகுதொலைவில்.

என் மகன் படிப்புக்காக லோசான் செல்கிறான். லவோவைப் பார்க்க எங்கே போக வேண்டும்? — திரியோலே வாசகர்

லோசானிலிருந்து கரையோர ரயிலில் சேன் சஃபோரேன் சென்று இறங்கி, அங்கிருந்து ரிவா, எபெஸ், ரியே, கிரான்வோ வழியாக லுத்ரி வரை தோட்டப்பாதையில் நடக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 11 கிலோமீட்டர். நின்று பார்த்துச் செல்பவருக்கு நான்கு மணிநேரம் ஆகும். களைத்துவிட்டால் கீழே இறங்கிக் கரையோர நிலையம் ஒன்றில் ரயில் ஏறிக்கொள்ளலாம். பாதையில் நிழல் மிகக் குறைவு. மூன்று சூரியன்களும் அவன்மேலும் விழும் என்பதால் தொப்பியும் தண்ணீரும் வேண்டும். செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை பறிப்பு நடக்கும். அப்போது சென்றால் வேலையை நேரில் காணலாம், ஆனால் குறுகிய பாதையில் வண்டிகளுக்கு வழிவிட வேண்டும், கொடியிலிருந்து ஒரு பழம்கூடப் பறிக்கக் கூடாது. மதுவறைகள் பெரும்பாலும் குடும்பங்கள் நடத்துபவை; ஆகவே முன்னரே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது முறை. பிரெஞ்சில் பேசினால் கதவு எளிதில் திறக்கும். அதில் நம் பிள்ளைகளுக்குக் குறை இல்லை.